தாய்மாமன் போர்த்த வேண்டிய துணி

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது லம்ரியாவின் வீடு முழுக்க மீன் வாசனை.

கண்ணைத் திறக்காமலே மோந்து பார்த்தாள். மஞ்சள், காட்டு இஞ்சிப் பூ, அப்புறம் நாக்கை மரத்துப்போக வைக்கும் எங்கள் மலை மிளகு. கெண்டை மீன் வேகிறது. அண்ணன் வந்துவிட்டார் என்றே நினைத்துவிட்டாள்.

வேறென்ன நினைப்பாள்? சுமத்ரா மலைநாட்டு ஜனங்களான எங்கள் பதாக்குகளில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் கெண்டை மீனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் தாய்மாமன்தான். ஒரு கையில் மீன், ஒரு கையில் உலோஸ் துணி. அந்த உலோஸைப் பிள்ளை மேல் போர்த்தி அவர் நாலு வார்த்தை சொன்னால்தான் அந்தப் பிள்ளைக்கு அம்மா வீடு என்று ஒன்று இருப்பதாக அர்த்தம். தண்ணீர் ஊற்றுவது போதகரின் வேலை. போர்த்துவது மாமனின் வேலை. இரண்டில் எது இல்லாவிட்டாலும் எங்கள் பெண்களுக்கு மனசு ஆறாது.

போன வாரம் லம்ரியாவை எந்த நிலையில் விட்டோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். தன் கைக்குழந்தை கோம்கோமைப் பற்றி அண்ணன் சபாமுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'கோம்கோமுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வாங்கண்ணா.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அவர் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் மட்டும் வரவில்லை.

மூன்று வருஷமாக வராத பதில் அது. அப்பா இறந்தபோது லம்ரியா பினாங்கிலிருந்து கடல் தாண்டி ஊருக்குப் போகவில்லை. போகக்கூடாது என்றில்லை. மூத்தவள் ரோமா டெங்குக் காய்ச்சலில் பினாங்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கைக்குழந்தை மாதிரி மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? அண்ணன் சவப்பெட்டியை மூடாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அவரே தன் கையால் மூடினார். அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

லம்ரியா எழுந்து அடுப்படிக்கு ஓடினாள்.

அங்கே அண்ணன் இல்லை. அரை டவுசரும் அவளுடைய பூப்போட்ட ஏப்ரனுமாக அவள் கணவர் பருலியான் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு ஏறி நின்று ரோமா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"மீனு."

"மீனுன்னு தெரியுது. யாரு குடுக்கிற மீனு?"

பருலியான் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாராவது குடுக்கட்டும். பாத்திரத்தைத் திறந்தா மீனு இருக்கணும், அவ்வளவுதானே?"

"நீங்க எனக்குப் புருஷனா, அண்ணனா?"

"அப்பா உனக்கு அண்ணனாம்மா?" என்று ரோமா ஆர்வமாகக் கேட்டாள்.

"நீ சும்மா இருடி. ஏங்க, பொண்ணு எடுத்தவங்க பன்னிக்கறி போடணும், பொண்ணு குடுத்தவங்க மீனு கொண்டாரணும். இது மூணு வயசுப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"எனக்குத் தெரியாது," என்றாள் ஆறு வயது ரோமா.

இந்தப் பருலியான் இருக்கிறாரே, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எந்த மெஷின் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். எது நின்றுபோனாலும் ஓட வைத்துவிடலாம் என்று நம்புகிறவர். மீனோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே புத்தம் புதிய உலோஸ். சிவப்பும் கறுப்பும், ஓரத்தில் மணி கோத்தது. சுமத்ராவின் மேடான் நகரத்திலிருந்து போனில் ஆர்டர் போட்டு வரவழைத்திருக்கிறார்.

லம்ரியாவுக்கு அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. துணியைத் தொடக்கூட இல்லை.

"சொந்தப் பொண்டாட்டிக்குப் பொறந்த வீட்டுச் சீரை நீங்களே வாங்கி வச்சிருக்கீங்க. ஊரு சிரிக்கும்."

"ஊரு இங்க எங்க இருக்கு? முப்பது குடும்பம்."

"அந்த முப்பது குடும்பம் போதும் சிரிக்கிறதுக்கு. இந்த மீனை ராத்திரி சோத்துக்கு வச்சுக்கலாம். சபைக்கு எடுத்துட்டு வந்தீங்கன்னா நான் வரல."

அவர் அடுப்பைச் சின்னதாக்கினார். அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். பொண்டாட்டி போனைப் பார்த்துப் பார்த்து இளைத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஜெபம் ரோமாவுடையது. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் சாப்பாட்டு ஜெபத்தைத்தான் கொடுப்போம். வெளியே போனால் பள்ளிக்கூடத்தில் மலாய், மாடிப்படியில் சீனம், டிவியில் இங்கிலீஷ். வீட்டுக்குள் நம் பேச்சு நிற்க வேண்டுமானால் அது சாப்பாட்டு மேஜையில்தான் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை.

"இயேசப்பா, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். மாமா வரணும். வரும்போது ஸ்லைம் வாங்கிட்டு வரணும், பச்சைக் கலர். கோம்கோம் மேல தண்ணி ஊத்தும்போது அவன் உச்சா போகக் கூடாது. அப்பாவும் அம்மாவும் மீனுக்காகச் சண்டை போடக் கூடாது. ஆமென்."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வேலை என்னுடையது. 'யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கா?' என்று கேட்டால் போதும். பெரியவர்கள் பூட்டி வைத்திருப்பதையெல்லாம் ரோமா கை தூக்கிச் சொல்லிவிடுவாள்.

வெள்ளைக் கவுன் போட்ட ரோமாவும், மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்ட கோம்கோமும், பன்றிக்கறிப் பானையுமாகக் கார் கிளம்பியது. ஆராதனை மத்தியானத்துக்கு மேல்தான். எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சீனச் சபையார் காலையில் ஆராதித்துவிட்டுப் போனபிறகு அதே பெஞ்சில் நாங்கள் உட்காருவோம்.

"இவ்வளவு சீக்கிரம் கிளம்பி என்ன பண்ணப்போறோம்?" என்று பருலியான் கேட்டார்.

"ஏர்போர்ட் வழியா போங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். மேடானிலிருந்து மத்தியான விமானம் ஒன்று உண்டு என்று இருவருக்கும் தெரியும். அவர் காரைத் திருப்பினார்.

மேடான் விமானத்தில் வருகிறவர்களைப் பினாங்கில் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். எக்ஸ்ரே உறையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் கையில் கேக் டப்பா. கதவு திறந்து திறந்து மூடியது.

"இவரா மாமா?" ரோமா கேட்டாள்.

"இல்லம்மா."

தொப்பி வைத்த ஒருவர் வந்தார். "இவரா?"

"இல்ல."

சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு இன்னொருவர் வந்தார். "இவராத்தான் இருக்கும்."

"இல்லடி!"

"அப்ப மாமா எப்படித்தாம்மா இருப்பாரு?"

லம்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் மூன்று வேளை இந்தப் பிள்ளை யாருக்காக ஜெபம் பண்ணுகிறதோ அந்த ஆளைப் பிள்ளைக்கு அடையாளமே தெரியாது. கடைசியாகப் பார்த்தபோது மடியில் கிடந்தவள். நினைவிருக்க நியாயமில்லை. இந்தக் கதவு வழியாக அண்ணனே வந்தாலும் இவள் யாரோ என்று ஒதுங்கி வழி விடுவாள். அது லம்ரியாவுக்குத் தாங்கவில்லை.

"உயரமா இருப்பாரு," என்றாள். "சிரிக்கவே மாட்டாரு. ஆனா நெருங்கிப் பாத்தா சிரிச்சிட்டிருப்பாரு. நடக்கும்போது ஒரு பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்."

"ஏன்?"

"என்னைத் தூக்கித் தூக்கித்தான். மழைக்காலத்துல ஸ்கூலுக்குப் போற வழியெல்லாம் சேறு. என் ஷூ நனைஞ்சிடும்னு தூக்கிட்டுப் போவாரு. நான் உன்னைவிடப் பெரியவளா இருந்தப்பகூடத் தூக்குனாரு."

"நீ குண்டா இருந்தியா?"

"கொஞ்சம்."

கதவு இன்னொரு முறை திறந்தது. விமானப் பணிப்பெண்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. வருவார் என்று எதிர்பார்த்து வந்தவளில்லை, ஆனாலும் அவள் கால் அங்கேயே நின்றது. பருலியான் கோம்கோமைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ரோமாம்மா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"சொல்லுங்க."

"பாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போன இடத்துல ஒரு சிலாபானைப் பாத்தாங்களாம். உங்க குலம். சம்சாரத்துக்கு ஆபரேஷன்னு வந்திருக்காரு. நான் கேட்டுக்கிட்டேன். மாமன் முறைக்கு நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

எங்களில் இது வழக்கம்தான். குலப்பெயர் ஒன்றாக இருந்தால் முன்பின் பார்த்திராதவரும் அண்ணன்தான். பரதேசத்தில் இது இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மாமனே இருக்கமாட்டான். வேறொரு பெண்ணாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"எப்பக் கேட்டீங்க?"

"போன வாரம்."

"அப்ப அண்ணன் வரமாட்டாருன்னு போன வாரமே முடிவு பண்ணிட்டீங்க."

"நான் எங்க முடிவு பண்ணேன்? புள்ளை மேல ஒரு துணி விழணுமேன்னு..."

"விழட்டும். இன்னொரு சிலாபான் கையால விழட்டும். அது அண்ணன் காதுக்குப் போகும். போகாம இருக்குமா? மேடானுக்கும் இங்கயும் வாய் ஒரே வாய்தானே. 'உன் இடத்துல வேற ஆளை நிறுத்திட்டேன், நீ வேண்டாம்'னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். இப்பப் பேசாம இருக்காரு. அதுக்கப்புறம் பேசவே வேண்டியிருக்காது."

பருலியான் செய்தது தப்பு என்று நானும் சொல்லமாட்டேன். அவள் சொன்னதும் உண்மை. துணி இல்லாமல் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப்போனால் பிள்ளைக்கு மாமன் இல்லை. வேறு கையால் போர்த்திக்கொண்டால் அவளுக்கு அண்ணன் இல்லை. அந்த நெருக்கடியோடுதான் அவள் எங்கள் சபை வாசலில் வந்து இறங்கினாள்.

ஞானஸ்நானம் குறைவில்லாமல் நடந்தது. எங்கள் போதகரான பாஸ்டரம்மா பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று தலையில் தண்ணீர் விட்டார். கோம்கோம் அழவில்லை. அவருடைய வெள்ளைக் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். சபையே சிரித்தது. ரோமா எட்டி அவன் டயப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'கேட்டாரு, இயேசப்பா கேட்டாரு' என்று எனக்குக் கையாலேயே சொன்னாள்.

லம்ரியா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் விழும்போதுகூட அவள் பார்வை வாசல் கதவில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பீடத்தின் முன் நிற்கும்போது பீடத்தைப் பார்க்க வேண்டாமா என்று நினைத்தேன். அப்புறம் என் தம்பியை நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். அதற்குமேல் அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

பின்கட்டுக் கூடத்தில் பாய் விரித்தோம். பன்றிக்கறிப் பானையைத் திறந்தோம். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. மீன் இருக்க வேண்டிய நடு இடம் காலியாகக் கிடந்தது.

"அவரைக் கூப்பிடட்டுமா?" என்று பாஸ்டரம்மா குனிந்து கேட்டார்.

"வேண்டாம் பாஸ்டரம்மா. மன்னிச்சுக்குங்க. துணி இல்லாமலே ஜெபம் பண்ணிடுங்க."

அவள் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் ஒருவர் நின்றார். தலை முழுக்க நரை. சட்டை மட்டும் புதிது, மடிப்புக்கோடு அப்படியே இருந்தது. ஒரு கையில் துணிப் பொட்டலம். இன்னொரு கையில் நீளத் தட்டு ஒன்றில் ஆவி பறக்க ஒரு மீன். தலையும் வாலும் முழுசாக இருந்தது, ஆனால் மேலே சோயா குழம்பும் இஞ்சித் துருவலும். எதிர்த்தெரு சீனக் கடையில் வாங்கியிருக்கிறார்.

"மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு. கெண்டை கிடைக்கல. மீனு இல்லாம எப்படிக் கை வீசிட்டு வர்றதுன்னு இதை வாங்கினேன்," என்றார். "நான் மங்காசா சிலாபான். மேடான்ல டயர் பஞ்சர் கடை."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லம்ரியா எழுந்து நின்றாள். வந்தவரை அவமானப்படுத்த முடியாது, வா என்று சொல்லவும் முடியவில்லை.

"உக்காருங்கண்ணா," என்றாள் கடைசியில்.

அவர் உட்காரவில்லை. "அண்ணன்னு சொல்றதுக்கு முன்னாடி முறையைப் பாத்துக்குவோம்மா. நம்ம குலத்துல நீ எத்தனாவது தலைமுறை?"

"பதினாறு."

மங்காசா வாயைத் திறந்தபடி நின்றார். தட்டு சாய்ந்து குழம்பு வழிந்தது. அதைக் கவனிக்காமல் திரும்பக் கேட்டார். "நிச்சயமா பதினாறா? உங்கப்பா பதினஞ்சு?"

"ஆமா."

"நான் பதினேழு!" என்றார் அவர். "அப்ப நான் உனக்கு அண்ணன் இல்ல. நீ எனக்கு அத்தை."

கூடம் கொல்லென்று சிரித்தது. அறுபதைத் தாண்டிய மனுஷன், முப்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து முழு மரியாதையோடு, "வணக்கம் அத்தை," என்று தலை குனிந்தார். மடியில் கிடந்த கோம்கோமை எட்டிப் பார்த்தார். "அப்ப இந்தப் பொடியன் எனக்கு மச்சான். டேய் மச்சான், பல்லு முளைக்கட்டும், ஒரு டயர் வண்டி செஞ்சு தர்றேன்."

"இவ்வளவு தாத்தாவா இருக்கீங்க, தம்பிக்கு மச்சானா?" ரோமா நம்பவில்லை.

"உனக்கும்தான்! மாமன் மவன் நானு."

ரோமா பயந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். பாஸ்டரம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பருலியான் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். தேடிப் பிடித்த மாமன், மாமனே இல்லை. அவர் பழுது பார்த்ததில் இப்படி ஒன்றுமே ஓடாமல் போனது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்கியதும் மங்காசா தட்டைக் காலி இடத்தில் வைத்தார். மீனின் தலை லம்ரியாவின் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்.

"அத்தை, உங்களுக்குக் கூடப்பிறந்தவர் இருக்காரில்ல?"

"இருக்காரு. சபாம்."

"எனக்குச் சித்தப்பா முறை. அவர் வரலையா?"

லம்ரியா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"சித்தப்பான்னா அப்பா மாதிரிதான். அப்பா வர முடியாத இடத்துக்கு மகன் போறது வழக்கம்தானே? என் பேருல போர்த்த எனக்கு உரிமை இல்ல. சித்தப்பா பேருல போர்த்தலாம். நீங்க சரின்னா."

அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது, ஆனால் அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணன் இடத்தில் வேறு யாரும் நிற்கப்போவதில்லை. அண்ணன்தான் போர்த்துகிறார், கை மட்டும் இவருடையது. அவள் பாயில் உட்கார்ந்து கோம்கோமை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பருலியான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மங்காசா பொட்டலத்தைப் பிரித்தார். "என் சம்சாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய வரும்போது போர்த்திக்கன்னு கொண்டாந்தது. புதுசு, மடிப்புகூடக் கலையல. 'புள்ளைக்குப் போடுங்க, எனக்கு இங்க கம்பளி இருக்கு'ன்னுட்டா."

உலோஸை விரித்துத் தாயையும் தகப்பனையும் பிள்ளையையும் ஒன்றாகச் சுற்றி அணைத்தார்.

"மச்சான் கோம்கோம், இது உன் மாமா சபாம் சிலாபான் போர்த்தறது. அவரு தூரத்துல இருக்காரு. ஆனா உன் அம்மா உன்னைத் தூக்கும்போதெல்லாம் அவரும் ஒரு பக்கம் தாங்கறாரு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும்."

லம்ரியா விக்கி விக்கி அழுதாள். அவளைப் பார்த்துக் கூடத்தில் பாதிப் பேர் அழுதோம். ஊரில் மாமன் உள்ளவர்கள், இல்லாதவர்கள், பேச்சு நின்றுபோனவர்கள், எல்லாரும்தான்.

ஜெபம் முடிந்து, சீனக் கடை மீனைப் பிய்த்துப் பங்கு வைத்துக்கொண்டிருந்தபோது மங்காசா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"சித்தப்பா நம்பர் குடுங்க அத்தை."

"எதுக்கு?"

"ஒருத்தர் பேரைச் சொல்லிக் காரியம் பண்ணா அவருகிட்டச் சொல்லிடணும். இல்லாட்டி அது திருட்டு."

"அவரு எடுக்கமாட்டாரு."

"உங்க நம்பர்னா எடுக்கமாட்டாரு. என் நம்பர் அவருக்குத் தெரியாதில்ல?"

அவள் வேண்டாம் வேண்டாம் என்றபடியே நம்பரைச் சொன்னாள். டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளிய மனிதருக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில்தான் பேசுவார். கூடம் முழுக்கக் கேட்டது.

"யாரு?"

லம்ரியாவின் கையிலிருந்த தட்டு நின்றது. அந்த ஒரு சொல்லை மூன்று வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறாள்.

"சித்தப்பா, நான் மங்காசா சிலாபான், பதினேழாவது. பினாங்குலேர்ந்து பேசறேன். லம்ரியா அத்தை பையனுக்கு இன்னைக்கு ஞானஸ்நானம் ஆச்சு. உங்க பேரைச் சொல்லி உலோஸ் போர்த்தினேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகும் சத்தம்.

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"சித்தப்பா..."

"நான் செத்தா போயிட்டேன், என் பேருல நீ போட? அந்தப் புள்ளை பொறந்த சேதி வந்த அன்னைக்கே நெசவுக்காரிகிட்டச் சொல்லிட்டு வந்தவன் நான். பொட்டியில மடிச்சு வச்சிருக்கேன். அவன் மேல விழ வேண்டியது அந்தத் துணி. உன்னுது இல்ல. எடு அதை. எடுன்னு சொல்றேன்ல!"

மங்காசா போனையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். ரோமா அம்மாவின் மடியில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

"மாமா திட்டுறாங்களாம்மா?"

"ஆமாண்டி."

"அப்புறம் ஏன் சிரிக்கிற?"

கண்ணீர் மோவாய் வரை வழிந்தது. ஆனால் பிள்ளை சொன்னது உண்மை, லம்ரியா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"அண்ணா, வச்சுடாதீங்க. எவ்வளவு வேணாலும் திட்டுங்க. வச்சுடாதீங்க."

மறுபடி குரல் வந்தது. கோபம் போயிருந்தது. அதற்குப் பதிலாக வந்திருந்தது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நான் அங்க வரமாட்டேன். புள்ளையைத் தூக்கிட்டு நீ வா. துணி இங்க இருக்கு."

"வர்றேண்ணா."

"வந்து நேரா என் வீட்டு வாசல்ல நிக்காத. முதல்ல அப்பா கல்லறைக்குப் போ."

"சரிண்ணா."

"உனக்குத் தெரியாது. யாருகிட்டயும் சொல்லல. கண்ணை மூடறதுக்கு முன்னாடி அப்பா உன்னைத்தான் கேட்டாரு. 'அவ எங்கடா'ன்னாரு. நான், 'வந்துட்டிருக்காப்பா, வழியில இருக்கா'ன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு. நீ பிளேன் ஏறவே இல்லன்னு எனக்குத் தெரியும் லம்ரியா. தெரிஞ்சேதான் சொன்னேன். மூணு வருஷமா அவர் குழி முன்னாடி போய் நிக்க முடியல என்னால. போனா, 'வந்துட்டாளாடா'ன்னு கேப்பாரு."

பருலியான் ரோமாவைத் தூக்கிக்கொண்டார். லம்ரியா உலோஸின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி போனை வாயருகே கொண்டுபோனாள்.

"வழியில இருக்கேண்ணா," என்றாள். "போய் அப்பாகிட்டச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் பதில் இல்லை. போனையும் அவர் வைக்கவில்லை.